பதுளைப் பக்கம் வாழ வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, நீ அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் பிறந்து வளர்ந்து, பசறைக்கோ லுணுகலைக்கோ அப்புத்தளைக்கோ வாழ்க்கைப்பட்டு வந்தவளாக இருந்தால், சட்டி பானையைப் பார்ப்பதற்கு முன் வானத்தைப் பார். நம்ம ஊரில் யூன், யூலை என்றால் அடைமழை. படங்கைத் தலையில் போட்டுக்கொண்டுதான் மலைக்குப் போவோம். இங்கே அந்த மாதங்களில் கச்சான் காற்று அடிக்கும். மலை காயும், பீலியில் தண்ணீர் குறையும், வீட்டுக்குப் பின்னால் போட்ட கீரைப்பாத்தி கருகும். ஊவாவுக்குப் பெரிய மழை ஐப்பசியில் பிடித்து மார்கழி, தை வரைக்கும் நிற்கும். நானும் தலவாக்கலையில் ரயில் ஏறிப் பதுளையில் இறங்கிய மருமகள்தான். இந்த வித்தியாசத்தை யாராவது உட்கார வைத்துச் சொல்லித் தரவேண்டும் என்று அப்போதே நினைத்தேன். அதைத்தான் இப்போது உனக்குச் செய்கிறேன்.

சாமான் வாங்குவதற்கும் வானத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பாய். யூலை முதல் செப்டெம்பர் வரை அடிக்கிற அந்தக் காய்ந்த காற்றுதான் ஊவாத் தேயிலைக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிக் கொடுத்தது. அந்த மாதத்துத் தூளுக்குத் தனி மணம். கொழும்பு ஏலத்தில் நல்ல விலைக்குப் போகும். ஆனால் ஏலத்தில் விலை ஏறுகிற அதே மாதத்தில்தான் நம் கூடையில் எடை இறங்கும். கொழுந்து தள்ளாது. கிலோ குறைந்தால் முழுநாள் சம்பளமான முழுப்பேர் அரைப்பேராகும் பயம் வரும், மேலதிகக் கிலோவுக்கு வரும் காசும் நின்றுவிடும். ஆகவே சித்திரை, வைகாசியில் மழை பட்டுக் கொழுந்து நன்றாக வரும்போது கையில் கூடுதலாக விழுகிற காசைச் செலவுக் கணக்கில் சேர்க்காதே. அது ஆவணி மாத அரிசிக்காசு. அதைப் புதுச் சேலையாக மாற்றிவிட்ட வீடுகளில்தான் ஆவணியில் தோடு அடகுக்குப் போகிறது.

சம்பளச் சீட்டை வாசி

கலியாணமாகி முதல் மாதமே இதைப் பழக்கிக்கொள். 10ஆம் திகதி வாக்கில் சம்பளம் போட்டதும், கடைக்குப் போவதற்கு முன், அவருடைய சீட்டையும் உன்னுடையதையும் ஒரே பாயில் வைத்து இரண்டு பேரும் சேர்ந்து வாசியுங்கள். ஒருவர் சீட்டை மற்றவர் பார்க்காத வீட்டில் சண்டைக்குக் காரணமே தேட வேண்டியதில்லை.

சீட்டில் முதலில் பேரை எண்ணு. எத்தனை நாள் பிரட்டுக்குப் போனாய், எத்தனை பேர் விழுந்திருக்கிறது, எத்தனை அரைப்பேர்? இதற்காகவே சுவரில் ஒரு கலண்டர் மாட்டி, வேலைக்குப் போன நாளில் ஒரு கோடு, அன்றைய கிலோ எவ்வளவு என்று எழுதி வை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது, 2024இல் 1,350 ஆனது. பிறகு எவ்வளவு ஏறினாலும், உன் கலண்டரில் கோடு இல்லாவிட்டால் சீட்டில் இருப்பதுதான் கணக்கு. பேர் குறைந்திருந்தால் கோபப்பட்டுக் கத்தவேண்டாம். கலண்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, தோட்டத்துச் சங்கத் தலைவரோடு ஒப்பீசுக்குப் போ. கோடும் கிலோவும் எழுதிய தாளை எதிரில் வைத்தால் பேச்சின் தொனியே மாறும்.

அடுத்தது கழிவுகள். தீபாவளி முற்பணம், சந்தா, கோயில் காசு, தேத்தூள் என்று வரிசையாக இருக்கும். முற்பணம் எத்தனை மாதத்தில் முடியும் என்று கேட்டு எழுதிக்கொள். முடிந்த பிறகும் ஒரு மாதம் கழிந்திருக்கிறதா என்று பார். ஈ.பி.எஃப். பணத்தில் சட்டப்படி தொழிலாளி பங்கு 8 வீதம், தொழில் கொடுப்பவர் பங்கு 12 வீதம். ஈ.ரீ.எஃப். 3 வீதமும் முழுக்க அவர்கள் போடவேண்டியது, உன் சம்பளத்தில் கை வைக்கக்கூடாதது.

இங்கேதான் புதுப்பெண்களிடம் நான் கெஞ்சிக் கேட்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. கலியாணத்துக்காக வேலையை விடுகிற பெண், அந்தக் காரணத்தைக் காட்டியே ஈ.பி.எஃப். காசை எடுக்கலாம் என்று சட்டத்தில் இடம் இருக்கிறது. கலியாணத்துக்கு மூன்று மாதம் முன்பிருந்து ஐந்து வருடம் வரைக்கும் அந்த வாய்ப்பு. "காசு சும்மாதானே கிடக்கு, எடுத்துக் கலியாணக் கடனை அடைப்போம்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். அவசரப்படாதே. பழைய தோட்டத்தில் நீ குனிந்து நிமிர்ந்து சேர்த்த காசு அது. உன் பேரில் இருக்கிற ஒரே சொத்தும் பல நேரம் அதுதான். புதுத் தோட்டத்தில் பேர் பதியப் போகிறாய் என்றால் அது அப்படியே இருக்கட்டும்.

பேர் என்றதும் இன்னொன்று. நம் ஆட்களுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு எழுத்துக் கூட, செக்ரோலில் கூப்பிடுகிற பேர் என்று மூன்று விதமாகக் கிடக்கும். அறுபது வயதில் ஈ.பி.எஃப். எடுக்கப் போகிற கிழவிகள் இந்த ஒரு எழுத்துக்காகப் பதுளைக்கும் கொழும்புக்கும் அலைகிறார்கள். புதுத் தோட்டத்தில் பேர் கொடுக்கும்போது வாயால் சொல்லாதே. அடையாள அட்டையைக் கிளாக்கரய்யாவிடம் கொடுத்து, பார்த்து எழுதச் சொல். எழுதியதை நீயும் ஒரு தடவை வாசி.

கடைக் கொப்பி

தோட்டத்துக்குக் கீழே சந்தியில் ஒரு கடை இருக்கும். மாமி காலத்திலிருந்தே அங்கே உங்கள் வீட்டுக்கு ஒரு கொப்பி இருக்கும். முதலாளி நல்ல மனிதராகவும் இருப்பார். சாவு, சுகவீனம் என்றால் முதலில் கை கொடுப்பவர் அவர்தான். அதனால் கொப்பியை ஒரே நாளில் மூடு என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொப்பிக்கு வாங்குகிறவள் விலை கேட்பதில்லை. எவ்வளவு என்று கேட்கக் கூச்சப்படுவாள், தராசைப் பார்க்கக் கூச்சப்படுவாள். மாத முடிவில் கூட்டுத்தொகையை மட்டும் கேட்டுவிட்டு வருவாள். அந்தக் கூச்சத்துக்குக் கொடுக்கிற விலை பெரிது.

அதனால் கொப்பியைச் சுருக்கிக்கொண்டே வா. முதலில் விலை அச்சடித்த சாமான்களைக் கொப்பியிலிருந்து வெளியே எடு: 400 கிராம் பால்மா, சவர்க்காரம், டின்மீன், பிஸ்கட். இவற்றைக் காசுக்கு மட்டும் வாங்கு. டவுனுக்குப் போகும்போது சதொசவிலோ ஃபுட் சிட்டியிலோ விலை பார்த்து வாங்கிக்கொள். பையில் அச்சடித்திருக்கிற உச்ச விலைக்கு மேல் யாரும் விற்கக் கூடாது. விற்றால் நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லலாம். திகதி முடிந்த பால்மா, டின்மீனைக் கொடுத்தாலும் அப்படித்தான். ஒரு இறாத்தல் பாண் 450 கிராம் இருக்கவேண்டும். கையில் தூக்கியதுமே இலேசாக இருந்தால் நிறுத்துக் காட்டச் சொல், அது உன் உரிமை. தராசைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சாமான் வைப்பதற்கு முன் முள்ளோ இலக்கமோ பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார். அளவீட்டுத் திணைக்களத்தின் முத்திரை குத்திய தராசா என்றும் பார். பார்ப்பதால் முதலாளிக்குக் கோபம் வந்தால், அந்தக் கடையில் அரிசி வாங்கவேண்டாம்.

கொப்பியில் எழுதுகிற ஒவ்வொரு தடவையும் உன் வீட்டுக் கொப்பியிலும் அதே திகதியில் எழுது. பிள்ளைகள் எழுதி முடித்த அப்பியாசக் கொப்பியின் பின்பக்கம் போதும்.

அரிசி, மா, சந்தை

அரிசிக்கு இந்த மாகாணத்தில் ஒரு வசதி இருக்கிறது, நம்ம ஊரில் அது கிடையாது. மகியங்கனை வயல்கள் இதே பதுளை மாவட்டத்துக்குள்தான். பெரும்போக அறுவடை பெப்ரவரி, மார்ச்சில் வரும், சிறுபோகம் ஆகஸ்ட், செப்டெம்பரில். அறுவடை வந்த கையோடு அரிசி விலை இறங்கும். உன் வீடும் பக்கத்துக் காம்பரா வீடும் சேர்ந்து ஒரு மூட்டை எடுத்துப் பங்கு போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் புது அரிசிக்குப் பழைய அரிசிக்கு வைக்கிற தண்ணீரை வைக்காதே, குழைந்துபோகும். அளவு தண்ணீரில் அரைக்கோப்பை குறைத்து வைத்து ஒரு நாள் பார்த்து, பிறகு கூட்டிக்கொள். மழைமாதத்தில் அரிசிப் பாத்திரத்தை வெறும் சீமெந்துத் தரையில் வைத்தால் ஈரம் ஏறி வண்டு விழும். இரண்டு செங்கல் மேல் பலகை போட்டு வை.

ரொட்டியை நான் குறை சொல்லமாட்டேன், நாம் வளர்ந்தது அதில்தான். ஆனால் வெறும் கோதுமை மாவில் மூன்று நேரத்தையும் ஓட்டாதே. மொனராகலை, புத்தலைப் பக்கத்துச் சேனைக் குரக்கன் இங்கே சந்தையில் சாதாரணமாகக் கிடைக்கும். இரண்டு பங்கு கோதுமை மாவுக்கு ஒரு பங்கு குரக்கன் மா, தேங்காய்ப்பூ கொஞ்சம் கூட, சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து தட்டு. மாமாவுக்குச் சீனி வருத்தம் இருந்தால் இதைச் சொல்லியே வீட்டில் தொடங்கலாம், யாரும் எதிர்க்கமாட்டார்கள்.

பண்டாரவளையிலும் அப்புத்தளையிலும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பெரிதாகக் கூடும். வெலிமடை, ஊவா பரணகமைப் பக்கத்துத் தோட்டக்காரர்களின் மரக்கறி வருகிற இடம் என்பதால் போஞ்சி, லீக்ஸ், கரட், கோவா எல்லாம் நேற்றுப் பிடுங்கியதாக இருக்கும். காலையில் போனால் நல்லதாகப் பொறுக்கலாம். மூன்று மணிக்குப் பிறகு போனால் விலை இறங்கும், ஆனால் கரட்டின் நுனி வதங்கியிருக்கும். கறிக்கு மறுநாளே சமைக்கிறவளுக்கு அது போதும்.

உருளைக்கிழங்கு வாங்குவதை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் செய். வெலிமடைக் கிழங்குக்குத்தான் விலை கூட. அதனால் வெளிநாட்டுக் கிழங்குக்குச் செம்மண் பூசி வெலிமடை என்று விற்பவர்களும் உண்டு. ஒரு கிழங்கைக் கையில் எடுத்துக் கண் இருக்கிற பள்ளத்தைப் பார். தோட்டத்து மண் அந்தப் பள்ளத்துக்குள் காய்ந்து இறுகி ஒட்டியிருக்கும். நகத்தால் கிளறினால்தான் வரும். பூசிய மண் மேலே எல்லா இடமும் ஒரே மாதிரி மெல்லிசாக இருக்கும், பெருவிரலால் ஒரு தேய் தேய்த்தால் தூளாக உதிர்ந்து கீழே வழவழப்பான தோல் தெரியும். வாங்கிய கிழங்கை வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாதே. இரண்டும் கெட்டுப்போகும்.

பிபிலைத் தோடம்பழம் பச்சையாக இருக்கிறது என்று ஒதுக்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. அது பழுத்தாலும் தோல் அரைப்பச்சையாகத்தான் நிற்கும், உள்ளே தேன். பதுளையிலிருந்து பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்குப் போகிற ரோட்டோரத்தில் பருவத்தில் குவித்து வைத்திருப்பார்கள். கையில் கனமாக இருப்பதை எடு.

தோட்ட எல்லையில் சிங்களக் கிராமத்து அக்காமார் பலாக்காய், வல்லாரை, ஈரப்பலா கொண்டுவருவார்கள். டவுன் விலையில் பாதிதான் வரும். சிங்களம் தெரியாது என்று ஒதுங்கி நிற்காதே. விலை கேட்கவும் இலக்கம் சொல்லவும் "அக்கே" என்று கூப்பிடவும் தெரிந்தால் போதும், மீதியை அவர்களே சொல்லித் தருவார்கள். வெயில் காலத்தில் பீலி வற்றினால் குடிதண்ணீருக்கு நீ போய் நிற்கப்போவதும் அவர்கள் கிணற்றடியில்தான்.

போயா நாளில் இறைச்சிக்கடை பூட்டு. விருந்தாளி வருகிறார்கள் என்றால் கலண்டரைப் பார்த்துவிட்டு அழை.

சம்பள நாளில் லயத்துக்கு வருகிறவர்கள்

சம்பளம் போட்ட அன்று பின்னேரம் லயத்து வாசலில் மூட்டையை அவிழ்ப்பார்கள். பெட்ஷீட், நொன்ஸ்டிக் சட்டி, ரைஸ் குக்கர், புடவை. "இப்ப காசு வேண்டாம் தங்கச்சி, கிழமைக்கு 300 தந்தா போதும்." உடனே கேட்கவேண்டிய கேள்வி, எத்தனை கிழமை? 30 கிழமை என்றால் 9,000 ரூபாய். அதே சட்டி டவுனில் 6,000 என்றால், 3,000 ரூபாய் நீ பொறுமையில்லாமல் போனதற்கான விலை. உனக்குச் சட்டி கட்டாயம் வேண்டுமென்றால் லயத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து சீட்டுப் பிடியுங்கள். முதல் சீட்டு யாருக்கு மிக அவசரமோ அவளுக்குக் கொடுங்கள்.

குழுக்கடன் இன்னும் கடுமையானது. ஐந்து பெண்களைச் சேர்த்து ஒருவருக்கொருவர் பிணை வைத்துக் கொடுப்பார்கள். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நாலு பேர் அவள் வாசலில் போய் நிற்கவேண்டும். சிநேகிதத்தை இப்படி அடகு வைக்கிற கடன் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. வந்த மருமகளை, ஆள் குறைகிறது என்று, குழுவில் சேர்க்கப் பார்ப்பார்கள். "வீட்டில் கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி நழுவு. கடன் உனக்கே தேவை என்றால் மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டவேண்டும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடு.

அவசரம் என்று நகைதான் போகவேண்டும் என்றால், வங்கிக்குப் போகட்டும், வாயால் பேசுகிற ஆளிடம் போகக்கூடாது. பற்றுச்சீட்டு உன் பேரில், உன் அடையாள அட்டை இலக்கத்தில் இருக்கவேண்டும். எத்தனை கிராம் என்று எழுதியிருப்பதைப் பார். ஒரு பவுண் 8 கிராம். கொழுந்தனாரின் வெளிநாட்டுப் பயணத்துக்கோ நாத்தனாரின் சடங்குக்கோ உன் நகை கேட்கப்பட்டால், கொடுக்கலாம், குடும்பம் என்றால் கொடுக்கத்தான் வேண்டிவரும். சீட்டு மட்டும் உன் பெட்டியில் இருக்கட்டும்.

ஒரே காம்பரா

பழைய லயத்தில் ஒரு காம்பரா பத்தடிக்குப் பன்னிரண்டடி. அதற்குள் மாமி, மாமா, படிக்கிற கொழுந்தன், நீங்கள் இரண்டு பேர். புதுக் கலியாணத்துக்கு அது கஷ்டம்தான், அதை மறைத்துப் பேசுவதில் ஒரு பிரயோசனமும் இல்லை. மரியாதையோடு செய்யக்கூடியவை சில இருக்கின்றன. இஸ்தோப்பை அடைத்து ஒரு சின்ன அறை எடுக்க முடியுமா என்று வந்த முதல் மாதத்திலேயே அவரைக் கொண்டு மாமாவிடம் கேட்க வை. நீயாகக் கேட்காதே. சுவர் கூரைவரை போகாத வீட்டில் இரவில் பேசுவது பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். காசு விஷயமும் மனஸ்தாபமும் பேச, ஞாயிற்றுக்கிழமை விறகுக்கோ கோயிலுக்கோ இரண்டு பேரும் சேர்ந்து நட. பெரிய பேச்சுகளை நடந்துகொண்டே பேசுகிற தம்பதிகளை நான் இங்கே நிறையப் பார்த்திருக்கிறேன், அவர்கள் நன்றாகவும் இருக்கிறார்கள்.

அடுப்படியில் மாமியின் கை வழக்கத்தை ஆறு மாதத்துக்கு மாற்றாதே. ஆனால் கடைசியில் சாப்பிடுகிற வழக்கத்தை மட்டும் முதல் நாளிலிருந்தே மாற்று. மலை ஏறி இறங்குகிறவள் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டால் இரத்தம் எப்படி ஊறும்? எல்லாருக்கும் போடும்போதே உன் கோப்பையிலும் கறியோடு போட்டு மூடி வை.

அவர் கொழும்பில் கடையிலோ கட்டட வேலையிலோ நிற்பவர் என்றால், காசு யார் பேருக்கு வரும் என்பதை அவர் பஸ் ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். மாமிக்கு ஒரு பங்கு, உனக்கு ஒரு பங்கு என்று அவரே இரண்டாக அனுப்பினால் அரைவாசிச் சண்டை வராது.

சம்பள நாளில் தவறணைப் பக்கம் போகிறவர் என்றால், அவர் போவதற்கு முன்பே அரிசிக்காசும் கொப்பிக்காசும் உன் கைக்கு வந்துவிடவேண்டும். கை நீட்டுகிறவர் என்றால், அதைப் பொறுத்துக்கொள் என்று நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். 2005ஆம் ஆண்டிலிருந்து வீட்டு வன்முறைக்கு எதிரான சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது. 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். அதைப் போனில் வேறு பேரில் பதிந்து வை. அம்மா வீடு அட்டனில் இருக்கிறது என்பதால் நீ தனி ஆள் ஆகிவிடவில்லை.

பதிவுகள்

கோயிலில் தாலி கட்டியதோடு நின்றுவிடாமல் பதிவாளரிடம் பதியுங்கள். பிள்ளையின் பிறப்புப் பதிவுக்கும், நாளைக்கு அவருக்கு ஏதாவது என்றால் ஈ.பி.எஃப். உனக்கு வருவதற்கும் அந்தத் தாள் வேண்டும். வந்த மாதமே மிட்வைஃப் மிஸ்ஸிடம் பேர் கொடு; அவர் புதுத் தம்பதிகளைப் பதிந்து வைப்பார், கர்ப்பமாவதற்கு முன்பே போலிக் அமிலக் குளிசை தருவார். நீ இன்னும் நிச்சயதார்த்தத்தில் நிற்கிற தங்கச்சி என்றால் தலசீமியா இரத்தப் பரிசோதனையை இரண்டு பேரும் செய்துவிடுங்கள். குருநாகல், அநுராதபுரத்தோடு பதுளையும் அந்த நோய் கூடுதலாக உள்ள மாவட்டம். இரண்டு பேருமே காவிகளாக இருந்தால் பிள்ளைக்கு வாழ்நாள் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டி வரலாம். மாமன் மகன், அத்தை மகள் என்று சொந்தத்துக்குள் செய்கிறவர்கள் கட்டாயம் பாருங்கள்.

இத்தனை தாள்களையும் ஒரே தகரப்பெட்டியில் பூட்டாதே. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போனபோது, தப்பியவர்கள் உடுத்த உடுப்போடுதான் நின்றார்கள். ஐப்பசி பிறந்ததும் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைப் பிரதி, வங்கிக் கொப்பி, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் தடித்த பொலித்தீன் பையில் சுற்றி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டு. போனில் ஒவ்வொன்றையும் படம் எடுத்து அம்மாவுக்கோ தம்பிக்கோ அனுப்பி வை. சுவரில் புது வெடிப்பு, கதவு திடீரென்று இறுகுவது, ஊற்றுத் தண்ணீர் சேறாக வருவது, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் அன்றிரவு அந்த வீட்டில் படுக்கவேண்டாம்.

காணியோடு தனிவீடு கட்டித் தருகிற திட்டத்தில் உங்கள் தோட்டத்துக்கும் படிவம் வந்தால், அதைத் தலைவரோ கொழுந்தனாரோ நிரப்பிக் கொண்டுபோக விடாதே. விண்ணப்பத்திலும் உறுதிப் பத்திரத்திலும் கணவன், மனைவி இரண்டு பேரின் பேரும் போட முடியுமா என்று நீயே போய்க் கேள். கேட்கும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போ. இரண்டு பேரும் சேர்ந்து நின்று கேட்டால், எழுதுகிறவர் உன் பேரை விட்டுவிட்டு எழுதுவது கஷ்டம்.